டிஜிட்டல் உருவப்படம்: முகத்தை நிஜமாக்கும் ஒளியளவு

பர்ஸிலிருந்து ஒரு 2 வெள்ளி நோட்டையும் ஒரு 10 வெள்ளி நோட்டையும் எடுத்து அருகருகே வையுங்கள். இரண்டிலும் இருப்பது சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் முகம். ஒன்றில் ஊதா, மற்றதில் சிவப்பு. 50 வெள்ளி நோட்டு இருந்தால் அதில் நீலம். எந்த மனிதரின் தோலும் இந்த நிறங்களில் இருப்பதில்லை. ஆனாலும் நெற்றி முன்னே வருகிறது, கண்குழி உள்ளே போகிறது, கன்னம் வளைந்து தாடையில் இறங்குகிறது. 1999இல் வெளிவந்த இந்த நோட்டு வரிசையில் முகம் மெல்லிய கோடுகளாலும் புள்ளிகளாலும் செதுக்கப்பட்டது. கோடுகள் நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். முகத்தின் மேடு பள்ளம் முழுவதும் அதிலேயே வந்துவிடுகிறது.

டிஜிட்டல் உருவப்படம் வரையத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "தோலுக்கு எந்த நிறம் போடுவது?", "எந்த பிரஷ் வாங்குவது?" என்றுதான். இரண்டும் பின்னால் வரவேண்டிய கேள்விகள். முகத்தின் ஒவ்வோர் இடமும் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற கணக்குதான் முதலில் சரியாக வேண்டும். ஓவியர்கள் இதை வேல்யூ என்பார்கள். இங்கே ஒளியளவு என்று வைத்துக்கொள்வோம். அது சரியாக அமைந்தால் ஊதா முகமும் மனித முகமாகத் தெரியும். தவறினால், எவ்வளவு பொருத்தமான மாநிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும் களிமண் பொம்மைதான் கிடைக்கும்.

நிறத்துக்குள் இருக்கும் கருப்பு வெள்ளை

எந்த நிறத்தையும் மூன்று அளவுகளாகப் பிரிக்கலாம்: அது என்ன நிறம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெளிச்சம். அமெரிக்க ஓவியரும் ஆசிரியருமான ஆல்பர்ட் மன்செல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை முறைப்படுத்தினார். அவருடைய ஏணியில் ஒளியளவு 0 என்றால் முழுக் கருப்பு, 10 என்றால் முழு வெள்ளை. இன்று புரோகிரியேட், கிரிட்டா, ஃபோட்டோஷாப் போன்ற செயலிகளில் எச், எஸ், பி என்று மூன்று ஸ்லைடர்கள் இருக்கின்றன. எச் நிறத்தைக் குறிக்கும், 0 முதல் 360 வரை. எஸ் அழுத்தம், பி வெளிச்சம். இரண்டும் 0 முதல் 100 வரை.

இந்த பி எண்ணை அப்படியே ஒளியளவு என்று நம்பிவிடக் கூடாது. சுத்த மஞ்சளுக்கும் பி 100, சுத்த நீலத்துக்கும் பி 100. கண்ணுக்கோ மஞ்சள் வெள்ளைக்கு அருகில், நீலம் கருப்புக்கு அருகில். திரையில் எரியும் மூன்று ஒளிகளும் கண்ணுக்கு ஒரே வலிமையில் படுவதில்லை. எச்டி திரைக் கணக்கின்படி நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 விழுக்காடு, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. ஆகவே கன்னத்தைச் சிவப்பாக்கும்போது பி மாறாமல் இருந்தாலும் அந்த இடம் இருண்டுபோகலாம். "பிளஷ் போட்டதும் கன்னம் குழி விழுந்த மாதிரி ஆகிவிட்டது" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

தப்பிக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லா லேயர்களுக்கும் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகள்) மேலே ஒரு புதிய லேயர் போட்டு, முழுவதையும் கருப்பால் நிரப்பி, அதன் பிளெண்ட் மோடை, அதாவது கீழுள்ள அடுக்கோடு அது கலக்கும் முறையை, 'கலர்' என்று மாற்றுங்கள். கீழே உள்ள படம் ஒளியளவு மாறாமல் சாம்பல் படமாகத் தெரியும். வேலை முடியும்வரை இந்த லேயர் அங்கேயே இருக்கட்டும். கண் அடையாளத்தைத் தட்டி அவ்வப்போது திறந்து மூடிப் பாருங்கள். மாதிரிப் புகைப்படத்துக்கும் இதையே செய்து, இரண்டு சாம்பல் படங்களையும் ஒப்பிடுங்கள். நிறத்தை உறிஞ்சும் 'டீசாச்சுரேட்' கட்டளையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சில செயலிகளில் அது வேறு கணக்கில் இயங்கி, சுத்த மஞ்சளையும் சுத்த நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிவிடும்.

அளக்காமல் கண்ணால் மட்டும் ஒளியளவைச் சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் எட்வர்ட் அடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் இதற்கு நல்ல சான்று. நிழலில் இருக்கும் வெள்ளைக் கட்டமும் வெளிச்சத்தில் இருக்கும் கருப்புக் கட்டமும் அச்சு அசலாக ஒரே சாம்பல். ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அப்படித் தெரியாது. முகத்தில் இதே ஏமாற்று வேலை நடக்கும் இடம் கண்ணின் வெள்ளை. ஜன்னலோரம் எடுத்த ஒரு மாநிற முகத்தின் புகைப்படத்தைத் திறந்து, நிழல் பக்கக் கண்ணின் வெள்ளையை ஐட்ராப்பரால் (தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துக் காட்டும் கருவி) தொட்டுப் பாருங்கள். பி 40 அல்லது 45 என்று வரும். வெளிச்சம் விழும் நெற்றியோ 75ஐத் தாண்டியிருக்கும். வெள்ளை என்று நாம் பெயர் வைத்திருப்பது தோலைவிட இருட்டாக இருக்கிறது. பழகாத கை அந்த இடத்தில் 95ஐ வைத்துவிடும். கண் பிதுங்கி நிற்கும். பல்லுக்கும் மல்லிகைச் சரத்துக்கும் வெள்ளைச் சட்டைக் காலருக்கும் இதே விதி.

ஒளிக் குடும்பம், நிழல் குடும்பம்

ஒரே ஒரு விளக்கு மட்டும் ஒரு பக்கமிருந்து முகத்தில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை நேராகப் பார்க்கும் பரப்பு மிக வெளிச்சம். பரப்பு மெல்லத் திரும்பத் திரும்ப வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். இந்தப் பகுதிதான் இடைநிலை. ஓர் எல்லையில் விளக்கு அறவே எட்டாமல் போகும். அங்கிருந்து நிழல். அந்த எல்லையை ஒட்டிய பட்டை பொதுவாக மிக இருண்டது. அதைத் தாண்டி சுவர், சட்டை, மேசை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் எதிரொளி நிழலைச் சற்றே வெளுப்பாக்கும். இவை தவிர, ஒரு பொருள் இன்னொன்றின்மேல் போடும் விழுநிழல்: மூக்கு மேலுதட்டின்மேல், மேல் இமை விழியின்மேல், கீழுதடு அதன் அடிப்பள்ளத்தில், தாடை கழுத்தின்மேல்.

இவ்வளவு பெயர்களும் மறந்துபோனாலும் பாதகமில்லை. ஒரு விதியை மட்டும் விடாதீர்கள்: நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான இடம்கூட, ஒளிப் பகுதியின் மிக இருண்ட இடத்தைவிட இருட்டாகவே இருக்க வேண்டும். தொடங்குபவர்களின் படங்களில் காணும் பிழைகளில் பாதி இந்த விதி மீறியதால் வருபவை. தாடையோரத்து எதிரொளி அழகாக இருக்கிறதே என்று அதை 60க்கு ஏற்றிவிடுவார்கள். எதிர்ப்பக்கத்து இடைநிலை 50இல் இருக்கும். உடனே முகத்தில் இரண்டு விளக்குகள் எரிவதுபோலாகி வடிவம் குலைந்துவிடும். எதிரொளியை நிழலின் ஆழத்தைவிட 5 முதல் 8 புள்ளிகள் மட்டும் ஏற்றுங்கள். போதும்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாநிற முகத்துக்கு, சாம்பலில் தொடங்குவதற்கான எண்கள்: ஒளிப் பகுதி 62 முதல் 70, இடைநிலை 48 முதல் 55, நிழல் 26 முதல் 32, எல்லைப் பட்டையும் விழுநிழலும் 18 முதல் 22, தலைமுடி 8 முதல் 15, ஹைலைட் எனப்படும் பளபளப்புப் புள்ளி 85 முதல் 90. ஒவ்வொரு முகத்துக்கும் ஒவ்வோர் ஒளிக்கும் இவை நகரும். ஆனால் 35க்கும் 45க்கும் நடுவே ஏறக்குறைய எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இடைவெளிதான் இரண்டு குடும்பங்களையும் பிரித்து வைக்கிறது.

மாதிரிப் படத்தை எங்கே, எப்போது எடுப்பது

தெளிவான ஒளியும் நிழலும் இல்லாத புகைப்படத்திலிருந்து ஒளியளவைக் கற்கவே முடியாது. நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் இது கொஞ்சம் சிக்கல்தான். இங்கே பிற்பகல் 1 மணியை ஒட்டித்தான் சூரியன் உச்சிக்கு வரும். அந்த நேரத்து வெயிலில் எடுத்த படத்தில் நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்து, கண்குழிகள் இரண்டும் கருங்குழிகளாகிவிடும். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் இருக்கும் வாய்ட் டெக்கில் எடுத்தால் எதிர்ச்சிக்கல்: எல்லாப் பக்கமும் திறந்திருப்பதால் வெளிச்சம் சுற்றிலுமிருந்து வந்து முகத்தைத் தட்டையாக்கும்.

வீவக அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை ஜன்னலே போதுமானது. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு தோள் ஜன்னலைப் பார்க்கும்படி ஆளை உட்கார வையுங்கள். வெயில் நேரடியாக உள்ளே விழாத நேரமாக இருக்கட்டும். ஃபோனை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து ஸூம் செய்து எடுங்கள். கைநீளத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் ஓடிவிடும். அதை அப்படியே பார்த்து வரைந்தால் அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் "ஆள் மாதிரி இல்லையே" என்று தோன்றும். பியூட்டி மோடை அணைப்பது கட்டாயம். அது இடைநிலை ஒளியளவுகளைத்தான் முதலில் அழிக்கிறது. நமக்கு வேண்டியதும் அவைதான்.

கேன்வாஸிலிருந்து இரண்டு நிறம் வரை

ஏ4 அளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் கேன்வாஸ் 2480க்கு 3508 பிக்சல். ஏ3 அச்சு வேண்டுமென்றால் 3508க்கு 4961. இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள், பின்னால் பெரிதாக்கினால் மங்கும். புரோகிரியேட்டில் கேன்வாஸ் பெரிதாக ஆக, கிடைக்கும் லேயர்களின் எண்ணிக்கை குறையும். ஐபேட் இல்லாதவர்களுக்கு கிரிட்டா இலவசம்; கணினியிலும் ஆண்ட்ராய்டு டேப்லட்டிலும் ஓடும். ஒளியளவைப் புரிந்துகொள்ள எந்தச் செயலியும் எதற்கும் குறைந்ததல்ல.

வெள்ளைக் கேன்வாஸில் தொடங்காதீர்கள். பக்கத்தில் வெள்ளை இருந்தால் வைக்கும் ஒவ்வொரு நிறமும் இருட்டாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட நீங்கள் வெளுத்துக்கொண்டே போவீர்கள். பின்னணியை 45 முதல் 50 வரையிலான சாம்பலால் நிரப்பிவிடுங்கள்.

கோட்டுச் சித்திரத்துக்கு வழக்கமான அளவுகளே போதும். மண்டை உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவே கண்கள். மண்டை உச்சி என்பது முடி தொடங்கும் இடமல்ல. இங்கே தவறினால் கண்கள் கீழிறங்கி நெற்றி நீண்டுவிடும். இரு கண்களுக்கும் இடையே ஒரு கண்ணளவு இடைவெளி. புருவத்துக்கும் மோவாய்க்கும் நடுவே மூக்கின் அடி. காதுகள் புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடைப்பட்டவை. இவை சராசரிகள், உங்கள் எதிரில் இருப்பவர் எங்கே சராசரியிலிருந்து விலகுகிறாரோ அங்கேதான் அவருடைய சாயல் இருக்கிறது.

அடுத்து, எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம். ஓரம் கூர்மையான வட்ட பிரஷ், ஒப்பாசிட்டி (கீழுள்ளதை மறைக்கும் அளவு) 100. இரண்டே சாம்பல்கள்: ஒளிக்கு 65, நிழலுக்கு 30. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாதிரியைப் பாருங்கள். விவரங்கள் மறைந்து பெரிய வடிவங்கள் மட்டும் மிஞ்சும். நிழலை ஒரே துண்டாக வரையுங்கள். கண்குழி, மூக்கின் பக்கம், மேலுதடு, கழுத்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நிழல் வடிவமாக ஓடுவது சகஜம். இமைமுடி, புருவமுடி, பொட்டு எதுவும் இப்போது வேண்டாம். திரையில் கட்டைவிரல் அளவுக்குப் படத்தைச் சுருக்கிப் பாருங்கள். அப்போதே ஆள் யார் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் நிழலின் வடிவத்தைத் திருத்துங்கள், அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம். கேன்வாஸை இடம் வலமாகப் புரட்டிப் பார்த்தால் சாய்ந்த கண்ணும் கோணிய வாயும் தாமாகவே வெளிவரும்.

சாயல் கிடைத்த பிறகு மூன்றாவதாக இடைநிலையை வையுங்கள். பிறகு விழுநிழல், கடைசியாக ஹைலைட். ஐந்து ஒளியளவுகளில் முகம் ஏறக்குறைய முடிந்துவிடும். பிரஷ் பெரிதாகவே இருக்கட்டும், தலையின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

ஓரங்கள்

இரண்டு ஒளியளவுகள் சந்திக்கும் ஓரம் எவ்வளவு கூர்மை என்பது அந்த இடம் எப்படி வளைகிறது என்பதைச் சொல்கிறது. கன்னம் மெல்லத் திரும்புவதால் அதன் நிழல் ஓரம் மென்மை. மூக்கெலும்பு சட்டென்று திரும்புவதால் அங்கே கூர்மை. விழுநிழலில் இரண்டும் உண்டு: மூக்கின் நிழல் மூக்கை ஒட்டிய இடத்தில் கூர்மையாகத் தொடங்கி, விலகிப் போகப் போக மங்கும். ஜன்னல் ஒரு புள்ளியல்ல, அகலமான ஒளி என்பதால் இப்படி. நிழல் பக்கத்துத் தாடையும் கழுத்தும் ஒரே ஒளியளவில் இருந்தால் நடுவே கோடு போடாதீர்கள். ஓரம் தொலைந்துபோகட்டும், பார்ப்பவரின் கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

மென்மையாகத் தூவும் ஏர்பிரஷ்ஷும் விரலால் தேய்ப்பதுபோல் கலக்கும் ஸ்மட்ஜும் இந்த வேறுபாட்டைக் கொன்றுவிடுகின்றன. ஏர்பிரஷ்ஷால் எல்லாம் ஒரே மென்மை. ஸ்மட்ஜ் ஒளியையும் நிழலையும் சராசரியாக்குவதால் நடுவில் உயிரற்ற நிறம் வந்து முகம் பிளாஸ்டிக் ஆகிறது. மாற்று வழி: பிரஷ்ஷின் ஒப்பாசிட்டியைப் பேனாவை அழுத்தும் வலிமையுடன் இணைத்து, இரண்டு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் லேசாக ஓர் இழுப்பு இழுங்கள், அங்கே பிறக்கும் நடு நிறத்தை ஐட்ராப்பரால் எடுத்து அதே இடத்தில் ஓர் இழுப்பு. மெதுவான வேலைதான். ஆனால் ஒவ்வோர் இழுப்பும் நீங்கள் முடிவு செய்து வைத்ததாக இருக்கும். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் ஓவியர் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் வரைந்த தன்னுருவப்படம் இருக்கிறது. காட்சியில் இருக்கும்போது எட்டி நின்றும் கிட்டே போயும் பாருங்கள். எண்ணெய் வண்ணத்தில் தனித்தனியாக வைத்த இழுப்புகள் தூரத்தில் எப்படித் தோலாகின்றன என்பது அங்கே தெரியும்.

மாநிறமும் கருநிறமும்

இணையத்தில் கிடைக்கும் தோல் நிறத் தட்டுகளில் பெரும்பாலானவை வெளுத்த தோலுக்கானவை. அவற்றை எடுத்து பி ஸ்லைடரை மட்டும் இறக்கினால் நம்முடைய தோல் வராது. சாம்பல் பூசியது போலத்தான் வரும். ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

தோலிலிருந்து ஒளி இரண்டு வழிகளில் திரும்புகிறது. சிறு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. அது தோலின் நிறத்தை வாங்கிக்கொள்வதில்லை, விளக்கின் நிறத்திலேயே வரும். மீதி உள்ளே போய், மெலனினிலும் இரத்தத்திலும் ஒரு பகுதியை இழந்து, பழுப்பும் சிவப்புமாக வெளியே வருகிறது. தெறிக்கும் பங்கு எல்லாத் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கருத்த தோலில் உள்ளே போய்த் திரும்பும் பங்கு குறைவு. ஆகவே தெறிக்கும் பளபளப்பு தூக்கலாகத் தெரிகிறது. வெளுத்த முகத்தின் வடிவத்தை இடைநிலை சொல்லும்; கருத்த முகத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் பளபளப்பு சொல்லும்.

செய்முறைக்கு வருவோம். மாநிறத் தோலின் நடுநிறத்துக்கு எச் 22, எஸ் 55, பி 60 நல்ல தொடக்கம். ஒளியில் எச் 27, எஸ் 45, பி 77. நிழலில் எச் 14, எஸ் 62, பி 32. எச் எண் எப்படி நகர்கிறது பாருங்கள்: ஒளியில் மஞ்சள் பக்கம், நிழலில் சிவப்புப் பக்கம். கருத்த தோலுக்கு நடுநிறம் எச் 20, எஸ் 58, பி 42 என்று இறங்கும், நிழல் பி 18 வரை போகும். ஆனால் ஹைலைட் மட்டும் 80ஐத் தொடும். அந்தப் பாய்ச்சலுக்குப் பயப்படாதீர்கள். ஹைலைட்டின் எஸ் 10 முதல் 20 வரை போதும். ஜன்னல் வழியே வானம் தெரிந்தால் அதில் துளி நீலம் சேரும். இரவில் மஞ்சள் பல்பு என்றால் மஞ்சள். எஸ்ஸைக் குறைக்காமல் பியை மட்டும் ஏற்றினால் ஆரஞ்சுப் பிளாஸ்டிக். ஒளிப் பகுதி முழுவதும் வெள்ளையைப் பரப்பினால் பவுடர் பூசிய முகம். பளபளப்பு வரும் இடங்கள் சில மட்டுமே: நெற்றி மேடு, மூக்கின் முதுகும் நுனியும், கன்ன எலும்பு, கீழுதடு, மோவாய். நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த இடங்கள் எப்போதும் கொஞ்சம் மின்னும். அதைத் துடைத்துவிட்டு வரைந்தால் முகம் உலர்ந்துபோகும்.

நிழலுக்குக் கருப்பைக் கலக்காதீர்கள். கருப்பு நிறத்தை மங்கவைத்துவிடும். நிஜ நிழலிலோ தோலும் சட்டையும் சுவரும் ஒன்றன்மேல் ஒன்று எறிந்துகொள்ளும் வெதுவெதுப்பான ஒளி இருக்கிறது. ஒளியும் நிழலும் பிரியும் எல்லையில் எஸ்ஸை 5 முதல் 10 வரை ஏற்றிச் சற்றே சிவப்பாக்கலாம், தோலுக்குள் பரவும் ஒளியில் சிவப்பே வெகுதூரம் போகிறது என்பதால். மாநிறத்தில் இது அடக்கமாகவே தெரியும். பின்னாலிருந்து வெளிச்சம் படும் காது மட்டும் விதிவிலக்கு, அது கனல்போல் சிவக்கும்.

முகம் முழுவதும் ஒரே பழுப்பு கிடையாது. நம்மில் பலருக்கு நெற்றியின் ஓரங்களும் கண்ணைச் சுற்றிய இடமும் வாயைச் சுற்றிய இடமும் கன்னத்தைவிடக் கருத்திருக்கும். மூக்கு, கன்னம், காது ஆகியவற்றில் சிவப்பு கூடும். மழித்த தாடிப் பகுதியில் எஸ்ஸை 10 முதல் 15 வரை குறைத்தால் போதும். ஆரஞ்சுத் தோலின் பக்கத்தில் அந்த மங்கல் நிறமே நீலச்சாம்பலாகத் தெரியும், நீலத்தை எடுக்கவே தேவையில்லை. உதட்டுக்கு எச் 6, எஸ் 50, பி 45 சுற்றுவட்டாரம். மேலுதடு கீழ்நோக்கித் திரும்பியிருப்பதால் கீழுதட்டைவிட 8 முதல் 10 புள்ளிகள் இருட்டு.

"கொஞ்சம் கலராகப் போடுங்கள்" என்று படம் கேட்பவர்கள் சொல்வதுண்டு. மறுப்பதே நல்லது என்பது இந்தக் கட்டுரையின் உறுதியான கருத்து. தோலை வெளுப்பாக்கினால் ஒளிப் பகுதிக்கும் ஹைலைட்டுக்கும் இடையே இருந்த தூரம் சுருங்குகிறது. மூக்கும் கன்ன எலும்பும் தட்டையாகின்றன. கூடவே ஆளும் காணாமல்போகிறார். வெளிச்சமான படம் வேண்டுமென்றால் பின்னணியை இருட்டாக்குங்கள், முகம் தானே ஒளிரும்.

முதலில் சாம்பலில் முடித்துவிட்டு மேலே 'கலர்' லேயரில் பழுப்பைப் பூசுவது பரவலான முறை. அதோடு நிறுத்தினால் தோல் செத்துத் தெரியும், ஒளியிலும் நிழலிலும் ஒரே எச், ஒரே எஸ் விழுந்திருப்பதால். அதை அடித்தளமாக மட்டும் வைத்து, மேலே ஒரு சாதாரண லேயரில் மேலே சொன்ன எண்களைக் கொண்டு நிழலையும் ஒளியையும் மறுபடி வரையுங்கள்.

கண், முடி, நகை

மேல் இமை விழியின்மேல் நிழல் போடுகிறது. விழியின் மேல் பாதி அதனால் இருட்டு. கருவிழி கருப்பாகத் தெரிந்தாலும் பி 15 முதல் 25 வரையிலான பழுப்பு. விழியில் மின்னும் ஒளித்துளி மேலே இடப்பக்கம் இருந்தால், கருவிழியின் கீழ் வலப்பக்கம் சற்று வெளுக்கும், உள்ளே புகுந்த ஒளி எதிர்ப்பக்கத்தில் படுவதால். கீழ் இமைக்கு ஒரு தடிமன் உண்டு. ஈரமான அந்த மெல்லிய விளிம்பை வரையாவிட்டால் கண் தோலில் ஒட்டிய ஸ்டிக்கராகிவிடும். மூக்குத் துளையும் கருப்பல்ல, பி 12 அளவில் செம்பழுப்பு.

முடியை இழை இழையாகத் தொடங்கக் கூடாது. முதலில் ஒரே இருண்ட வடிவம், பிறகு கற்றைகள், கடைசியில் பத்துப் பதினைந்து இழைகள். எண்ணெய் வைத்து வாரிய தலையில் பளபளப்பு, முடி ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு பட்டையாக வரும். நெற்றியோரத்தில் முடியும் தோலும் சந்திக்கும் ஓரத்தை மென்மையாக்குங்கள், இல்லையென்றால் விக் வைத்ததுபோலிருக்கும்.

தங்கம் மஞ்சளல்ல. பாதிக்கு மேல் இருண்ட பழுப்பு, கொஞ்சம் மஞ்சள், ஊசிமுனை அளவில் வெள்ளை. மூன்றும் ஒன்றுக்கொன்று சட்டென்று மாற வேண்டும். மூக்குத்தி தோலின்மேல் போடும் சிறு நிழலை விட்டுவிடாதீர்கள். தோலின் நுண்துளைகள் கடைசி வேலை: தனி லேயர், 5 முதல் 10 விழுக்காடு ஒப்பாசிட்டி, இடைநிலைப் பகுதியில் மட்டும். பக்கவாட்டில் வரும் ஒளிதான் மேடு பள்ளத்தைக் காட்டும் என்பதால் நிழலில் துளைகள் தெரிவதில்லை.

பழைய படத்திலிருந்து வரையும்போது

வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா பாட்டியின் கருப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தில் வரைந்து தரும்படி கேட்பது நம் குடும்பங்களில் வழக்கம். சாம்பல் படம் கையில் இருப்பதால் ஒளியளவும் தயாராக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. மிகப் பழைய ஃபிலிம்களில் ஒரு வகை, சிவப்பு ஒளியை உணராது. அதில் உதடும் பழுப்புத் தோலும் உள்ளதைவிடக் கருத்துப் பதியும். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்த படத்திலோ இடைநிலையே இருக்காது. முகத்தின் நடுப்பகுதி வெளுத்து ஓரம் மட்டும் இருளும். சிறிய படமென்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தொலைந்துபோன பகுதிகளைக் கற்பனையால் நிரப்புவதைவிட, அதே சாயலுள்ள பிள்ளையையோ பேத்தியையோ அதே கோணத்து வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்ப்பது மேல். தோலின் நிறத்தையும் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதையும் அவரைப் பார்த்துப் பழகியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் புரண்டு அச்சான படங்களில் இடது வலது மாறியிருக்கும். சட்டைப் பொத்தானும் சேலைத் தலைப்பும் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அச்சுக்குக் கொடுப்பதற்குமுன் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்புக்கு மாற்றிச் சேமியுங்கள்; ஐபேட் திரை காட்டும் சில அழுத்தமான ஆரஞ்சுகளும் சிவப்புகளும் சாதாரண அச்சில் வராது. திரை தானே ஒளிர்வது, தாள் ஒளிராதது. எனவே அச்சில் நிழல்கள் இன்னும் ஆழமாகும்; நிழல் குடும்பம் முழுவதையும் 5 முதல் 8 புள்ளிகள் ஏற்றிய ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தின் குறுக்கே, ஒளிக் கன்னத்திலிருந்து நிழல் காது வரை, இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி அதே தாளில் அச்சிட்டு, படத்தை மாட்டப்போகும் சுவரில் பகலிலும் விளக்கொளியிலும் வைத்துப் பாருங்கள். நிழல் பக்கத்தில் காதும் முடியும் பிரிந்து தெரிந்தால் முழுப் படத்தையும் அச்சுக்கு அனுப்பலாம்.